சொல்லும் மூச்சும்

வைகரி வாக்குப் பிராணவாயுவைப் பற்றி நிகழ்வது. மத்திமையோ அதனை வேண்டாது உள்ளே நிற்பது என்பது சித்தாந்த நூற்றுணிபு. தொல்காப்பியரும் எழுத்தின் பிறப்பை உந்தியிலெழும் வளியினின்றே தொடங்கினார். டிரேப்பர் முதலிய மூவர் 1959-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஈண்டு நோக்கற்பாலது. மூச்சை நிரம்ப வாங்கிப் பேசுங்கால், விரிந்த மார்பு தானே சுருங்கி வளியை ஒருங்கே தள்ள முயலும். அப்பொழுது, மூச்சை உள்வாங்கிய விலாவிடை வெளித்தசைகளே தளராது நின்று, வளியைச் சிறிது சிறிதாக விடுகின்றன. வளி குறைந்த பின்னரே விலாவிடை உட்டசைகளும் வயிற்றுத்தசைகளும் உந்துகின்றன. இவற்றுள் ஒன்றையேனும் பேசுவோன் அறிந்து செய்தானல்லன்.

அங்ஙனமாயின், பொய்யுரைத்தவன் "கருவிகள் செய்தன, எனக்கு வினையில்லை" எனலாமோ எனின், ஆகாது. தசைகள் மெய்க்கும் பொய்க்கும் ஒருபடித்தாகவே தொழிற்படும். இன்னது சொல்வேன் என்னும் இச்சை உயிரினது. "யான் அழகுறப் பேசினேன்" என்று அவையிற் செருக்குவோனுக்கோ, இறைவன் கூட்டிய கருவியைத் தன்னதெனக் கொண்ட குற்றம் வேறுமுண்டு. இதனை எழுதும் யானும் அதற்குப் புறம்பல்லேன்.