பெறுவதும் தவமே

கொடுப்பது அறம் என்று அறநூல்கள் யாவும் போதிக்கின்றன. பெற்றுக்கொள்வதும் அறமாகுமா? முதுமை ஒவ்வொருவர் முன்னும் வைக்கின்ற கேள்வி இது.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து மும்பை சென்ற தமிழர் பலர் தாராவியின் தோல் பதனிடும் கூடங்களில் உழைத்தனர். அலுவலகப் பணிகளுக்காகச் சென்றோர் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் குடியேறினர். 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தை நிறுவிப் பிறர் பிள்ளைகளுக்கும் கல்வி அளித்தனர். இவர்களுள் எத்தனையோ பேர் ஊரிலுள்ள பெற்றோருக்கு மாதந்தோறும் மணியார்டர் அனுப்பியவர்கள், கொடுத்தே பழகியவர்கள்.

அத்தகைய ஒருவர் தாராவியில் முதுமை எய்தியிருப்பதாக எண்ணிப் பார்ப்போம். செங்குத்தான இரும்பு ஏணியில் இறங்கிப் பொதுக்கழிப்பறைக்குச் செல்ல மகனின் தோள் தேவைப்படுகிறது. உழைத்துக் களைத்து உறங்குபவனை எழுப்பக் கூசி, மாலையிலேயே தண்ணீர் அருந்துவதை நிறுத்திவிடுகிறார். 'யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது' என்கிறார். மகன்மீதுள்ள அன்பு அதில் உண்டு. ஆனால் 'நான் கொடுப்பவன்' என்னும் நுண்ணிய அகங்காரமும் அதனுள் மறைந்திருக்கிறது.

அவருடைய பெற்றோரின் இறுதி நாட்களில் ஊருக்குப் பணம் சென்றது. அவரது கைகள் செல்லவில்லை. வேறு யாரோ அவர்களைத் தூக்கி அமர்த்தினர். அந்தக் கடனை எவரிடம் தீர்ப்பது? கைம்மாறு கருதாது முதலில் செய்யப்பட்ட உதவிக்கு மண்ணும் விண்ணும் ஈடாகா என்கிறார் திருவள்ளுவர். ஆகவே பணிவிடையில் வரவு செலவுக் கணக்கு ஒருபோதும் நேராகாது.

பெற்றோருக்கு மாதம் பத்தாயிரம் ரூபாய் வரை ஜீவனாம்சம் வழங்க ஆணையிட 2007-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. கைவிடப்பட்டோருக்கு அது பாதுகாப்பே. எனினும் நள்ளிரவில் நீளும் தோளை எந்த ஆணையும் பெற்றுத் தராது.

தாயையும் தந்தையையும் தெய்வமாகப் போற்றுமாறு தைத்திரீய உபநிடதம் மாணவனுக்கு அறிவுறுத்துகிறது. தெய்வமே நைவேத்தியத்தை ஏற்க மறுத்தால் வழிபாடு எங்ஙனம் நிறைவுறும்? கொடுப்பவனே பெறுபவனுக்கு நன்றி செலுத்த வேண்டும் என்று சுவாமி விவேகானந்தர் கூறியதன் உட்பொருளும் இதுவே.

வழிபடுவோனுக்கும் நெறி உண்டு. பணிவிடை முழுவதையும் மனைவிமீது சுமத்திவிட்டு மகன் தர்மம் பேசுவது சேவையாகாது. முகம் சுளித்துச் செய்யும் உதவி முதியவரின் கூச்சத்தையே வளர்க்கும்.

பொருளைத் துறப்பது எளிது. 'கொடுப்பவன்' என்னும் பெருமையைத் துறப்பது அரிது. தாகம் தீரத் தண்ணீர் அருந்திவிட்டு, இரவில் தயங்காது மகனை அழைக்கும் முதியவர் அந்தத் துறவை மேற்கொள்கிறார். அந்த நேரத்திலும் அவர் மகனுக்கு ஒன்றைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.