சாம்பலும் கதிர்வீச்சும்

எல்லோருக்கும் மின்சாரம் வேண்டும். அதன் ஆபத்தை யார் தலையில் கட்டுவது? அணு உலை வேண்டுமா, வேண்டாமா என்ற வாதத்தின் அடியில் கிடக்கும் அறக்கேள்வி இதுதான்.

அணுவைப் பற்றிய அச்சத்துக்கு ஆண்டும் ஊரும் உண்டு: 1986 செர்னோபில், 2011 புகுஷிமா. நிலக்கரியின் கேட்டுக்கு அப்படியொரு தேதி கிடையாது. எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் ஆண்டுக்கணக்கில் படிந்து மீன்பாட்டைக் கெடுத்தது. ஒரே நாளில் நேர்ந்த விபத்தாக இல்லாததால் நாடு அதைப் பேரழிவாகக் கருதவில்லை. வெளிக்காற்று மாசால் 2019இல் மட்டும் உலகில் 42 லட்சம் பேர் அகால மரணமடைந்ததாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிடுகிறது. நிலக்கரி ஒன்றே அத்தனைக்கும் காரணம் அல்ல. ஆனாலும் எரிபொருள் புகைக்கு அதில் பெரும்பங்கு உண்டு. ஒரே அளவு மின்சாரத்துக்கு ஒப்பிட்டால், செர்னோபிலையும் புகுஷிமாவையும் சேர்த்தே எண்ணினாலும், நிலக்கரி பறிக்கும் உயிர்கள் அணு பறிப்பதைவிடப் பல நூறு மடங்கு அதிகம் என்பது இத்துறை ஆய்வுகள் காட்டும் முடிவு.

புகுஷிமா இன்னொன்றையும் காட்டியது. கதிர்வீச்சால் நேர்ந்தது என ஜப்பான் அரசு 2018இல் ஏற்ற மரணம் ஒன்றே. ஆனால் ஒன்றரை லட்சம் பேர் வீடுவாசலை விட்டு வெளியேறினர். அந்த அலைச்சலாலும் அதையொட்டிய நோய்நொடியாலும் புகுஷிமா மாகாணத்தில் 2,000 பேருக்கு மேல் மாண்டனர். அணு விபத்தின் கொடுமை கதிர்வீச்சோடு முடிவதில்லை. மண்ணையும் ஊரையும் இழப்பதும் அதில் அடங்கும். உயிர்களை மட்டும் எண்ணினால் இந்த இழப்பு கணக்கில் வராது.

ஒப்புதல் என்ற கேள்வியும் இருக்கிறது. குளிர்விக்கக் கடல்நீரை நாடுவது அனல்மின் நிலையமானாலும் அணு உலையானாலும் மீனவர் வாசலுக்கே வருகிறது. மின்சாரமோ தொலைவில் உள்ள நகரத்துக்கும் ஆலைக்கும் போகிறது. 2011இல் இடிந்தகரை மக்கள் கூடங்குளம் உலையின் கழிவு எங்கே போகும், விபத்து நேர்ந்தால் எப்படித் தப்புவது என்று கேட்டார்கள். போராடிய ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்குப் போடப்பட்டது. 2013இல் உலைக்கு அனுமதி தந்த உச்ச நீதிமன்றமே, போராடியவர்கள் மீதான வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்றும் சொன்னது. பாதுகாப்பான தொழில்நுட்பம் என்றால் கேள்வி கேட்பவரை ஏன் குற்றவாளியாக்க வேண்டும்?

காற்றும் வெயிலும் போதாதா என்பார்கள். அவற்றைப் பெருக்குவதே முதற்கடமை. ஆனால் காற்று ஓய்ந்த இரவில் சேமித்த மின்சாரம் போதாதவரை, நிலக்கரியோ அணுவோ ஏதோவொன்று ஓடித்தான் ஆகிறது. ஜெர்மனி தன் கடைசி மூன்று உலைகளை 2023 ஏப்ரலில் மூடியது. நிலக்கரியைக் கைவிட 2038 வரை தவணை வைத்துக்கொண்டது. பேரழிவுக்கு அஞ்சி அன்றாடக் கேட்டை நீட்டித்த முடிவு அது.

நன்றாக ஓடும் உலையை நிலக்கரிக்கு முன்னதாக மூடுவது அறமன்று. உலைக்குப் பக்கத்தில் வாழ்பவரின் ஒப்புதலும், அரசுக்கு அஞ்சாத கண்காணிப்பும், கழிவுக்கு உறுதியான இடமும் இல்லாமல் புதிய உலை எழுப்புவதும் அறமன்று. இதே மூன்றையும் எண்ணூர் மக்களுக்கும் தர வேண்டும்.