வாடகை வீடும் மூட்டைப்பூச்சியும்

மூட்டைப்பூச்சி நசுங்கிச் சட்டையில் இரத்தம் பட்டால் அதோடு தொழலாமா என்று நம்மிடம் கேட்போர் பலர். தொழலாம், அந்தச் சொற்ப இரத்தத்தால் தொழுகைக்குப் பங்கமில்லை என்று ஃபிக்ஹு கிதாபுகள் கூறுகின்றன. ஆனால் அந்தப் பூச்சி யாருடைய சுவரிலிருந்து வந்தது, அந்த வீட்டுக்கு வாங்கும் வாடகை எப்படிப்பட்டது என்று கேட்போர் அரிது.

வீட்டின் பயனைக் குறிப்பிட்ட காலத்துக்குக் கிரயம் பேசுவதே இஜாரா என்னும் வாடகை ஒப்பந்தம். இரவில் கண்ணயர முடியாமல் குழந்தைகள் உடம்பைச் சொறிந்து கொண்டிருக்கும் வீட்டில் அந்தப் பயன் எங்கே இருக்கிறது? பயனைக் கெடுக்கும் குறைக்கு ‘அய்பு’ என்று பெயர்.

கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்து, அடியில் ஈரம் கண்டு, மழையில் நனைந்தது என்று வியாபாரி சொன்னபோது, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கண்டித்த ஹதீஸை நாம் அறிவோம். கறையான் ஏறிய நிலைக்கதவுக்குப் பெயிண்ட் அடித்து, மூட்டைப்பூச்சி குடியிருக்கும் வெடிப்பைச் சுண்ணாம்பால் பூசி, அட்வான்ஸ் வாங்குகிறவர் அந்த ஈர தானியத்தைத்தான் விற்கிறார். “நாலு மாதம் பூட்டித்தான் கிடந்தது, பூச்சி ஏது?” என்பதும் செல்லாது. மூட்டைப்பூச்சி இரத்தமில்லாமலே பல மாதம் உயிரோடிருக்கும்.

இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ‘மின்ஹாஜ்’ என்னும் கிதாபில் இந்தப் பொறுப்பைப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். சாவியை ஒப்படைப்பதும் வீட்டைச் செப்பனிடுவதும் உரிமையாளர் மீது. முற்றத்துக் குப்பையைப் பெருக்குவது குடியிருப்பவர் மீது. தரையிலிருந்து சுவர் வழியே ஏறும் கறையான் கட்டடத்தின் குறை. சோற்றுப் பருக்கையை மூலையில் சேர்த்து வைத்துக் கரப்பானை வளர்த்தவர், “வீட்டுக்காரர் மருந்தடிக்கட்டும்” என்று சொல்வதில் நியாயமில்லை. பழைய கட்டிலோடு மூட்டைப்பூச்சியைக் கொண்டு வந்தவரும் அப்படியே.

உரிமையாளர் உடனே சரிசெய்தால் பேச்சில்லை. செய்யாவிட்டால், குறையைத் தெரியாமல் குடிவந்தவருக்கு ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமை உண்டு. இருந்த நாட்களுக்குரிய வாடகையைக் கொடுத்துவிட்டு வெளியேறலாம். ஹனஃபி மத்ஹபிலும் பயனைக் கெடுக்கும் குறைக்காக முறிக்கலாம். ஓரிரு மாதம் பொறுத்துக் கொண்டதால் இந்த உரிமை போய்விடாது, தொல்லை நாள்தோறும் புதிதாக வருகிறதல்லவா என்று நம் ஷாஃபியீ இமாம்கள் விளக்குகிறார்கள். எத்தனை இரக்கமான சட்டம்! ஆனால் முறிக்காமல் அங்கேயே இருந்துகொண்டு, தாமாகவே பாதி வாடகையை நிறுத்திக் கொள்வதற்கு அனுமதியில்லை. இருக்கச் சம்மதித்தவர் முழு வாடகையும் தர வேண்டும். (ஒத்திக்கு இருப்போரின் நிலை வேறு, அதில் வட்டிப் பிரச்சினையே பெரிது. அதனை இங்கு தொடவில்லை.)

உரிமையாளரைக் கேட்காமல் சொந்தச் செலவில் மருந்தடித்தவர் நன்கொடை செய்தவராகவே கருதப்படுவார். பிறகு அந்தப் பணத்தைக் கேட்க முடியாது. ஆகவே, “செய்து கொள், வாடகையில் கழித்துக் கொள்” என்ற வார்த்தையை முதலிலேயே வாங்கிவிட வேண்டும்.

தமிழ்நாட்டில் 2017ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த வாடகைச் சட்டமும் செப்பனிடும் பொறுப்பைப் பிரித்தே வைத்திருக்கிறது. கட்டடப் பழுதும் வெள்ளையடிப்பும் உரிமையாளர் பங்கு. சாக்கடை அடைப்பு எடுப்பது குடியிருப்பவர் பங்கு. தம் பங்கை உரிமையாளர் செய்ய மறுத்தால், குடியிருப்பவர் செய்து வாடகையில் கழிக்கலாம். ஒரு மாதத்தில் கழிப்பது பாதி வாடகையைத் தாண்டலாகாது. குடியிருக்கவே தகுதியற்றுப் போன வீட்டை எழுத்து மூலம் கேட்டும் சரிசெய்யாவிட்டால், 15 நாள் நோட்டீஸ் கொடுத்து வெளியேறலாம். பூச்சிகளின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லாததால், மருந்தடிக்கும் செலவு யாருடையது என்பதை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி இருவரும் கையெழுத்திட்டுக் கொள்வது நல்லது. கடனை எழுதி வைக்கச் சொல்லும் குர்ஆனை ஓதுகிற நாம் அந்த ஒரு வரிக்கு ஏன் கூச்சப்பட வேண்டும்?