கூர்மத்தின் நினைவு

மீன் பார்வையாலும், பறவை ஸ்பர்சத்தாலும், ஆமை நினைவாலும் தன் குஞ்சுகளைப் போஷிக்கும் என்று பெரியோர் அருளிச்செய்வர். கரையில் முட்டையிட்டுக் கடல் புகும் தாய் மறுபடி வந்து பார்ப்பதில்லை. ஆசார்ய கடாக்ஷத்திற்கு இதனினும் பொருத்தமான த்ருஷ்டாந்தம் அரிது.

மந்தரமலையைத் தாங்கக் கூர்மரூபம் கொண்ட எம்பெருமான் திருக்கடல்மல்லையில் ஸ்தலசயனனாய்த் தரையிலே கிடந்தருளுகிறான். மாசி மகத்தில் அவன் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் இக்கடற்கரையில்தான், தை தொடங்கிப் பங்குனி ஆமை இரவில் கரையேறுகிறது. பின்கால்களால் குழி பறித்துச் சுமார் நூறு முட்டைகளிட்டு, மணலால் மூடிச் செல்லும். 45 முதல் 60 நாள்களில் மணலின் வெப்பமே குஞ்சு பொரிக்கிறது. ஆணா பெண்ணா என்பதையும் அவ்வெப்பமே நிச்சயிக்கிறது.

இரவில் வெளிப்படும் குஞ்சு, வெளிச்சமுள்ள திசையே கடல் என்று ஓடும். (இதை அதற்குக் கற்பித்தவர் யாரோ!) கரையில் விளக்கெரிந்தாலோ ஊரை நோக்கிப் போய் நாய்க்கும் காக்கைக்கும் இரையாகும். தாயும் வெளிச்சம் கண்டு கரையேறத் தயங்கும். கடலிலோ, மூச்சுவிட மேலே வரவேண்டிய அப்பிராணி இழுவலையில் சிக்கி மூச்சுமுட்டி மாள்கிறது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின.

மகத்துக்கு முதல்நாள் மணலில் தங்கும் யாத்ரிகர்கள் கடலோரத்தில் விளக்கேற்றாதிருப்பதும், கரையேறும் ஆமையைச் சூழ்ந்து நில்லாமல் வழிவிடுவதும் கைங்கர்யமே. பெருமாள் எழுந்தருளுவது காலையில். இரவில் அங்கே தீபம் வேண்டுவதில்லை.