காண்டலும் கருதலும்

இரவில் தொண்டைமானாற்றுக் கடலில் தொழில் செய்பவருக்கு வானமே மணிக்கூடு, வானமே திசைகாட்டி. அந்த வானில் பேரொளியோடு ஓர் எரிவெள்ளி விழக் கண்டால் கண்டவர் செய்யத்தக்கது யாது? "வெள்ளி விழுந்ததைச் சொல்லக்கூடாது, பச்சை மரத்தைப் பார்" என்று வாயடக்குவோரும் உளர். ஒன்றை ஒன்பதாக்கிச் சொல்வோரும் உளர். இரண்டும் உண்மைக்குச் செய்யும் குறையே.

அருணந்தி சிவாசாரியார் தமது சிவஞான சித்தியாரில் முதலில் அளவைகளை ஆராய்ந்து, அவற்றைக் காண்டல், கருதல், உரை என மூன்றாக அடக்கினார். புலனால் அறிவது காண்டல். கண்டதைக் கொண்டு காணாததை உணர்வது கருதல். நம்பத்தக்கோர் வாக்கு உரை. ஒருவருடைய காண்டல், கேட்பவருக்கு உரையாகிவிடுகின்றது. ஆகவே சொல்பவர் கண்டதோடு கருதியதைக் கலந்தால், அப்பிழையைக் கேட்பவரும் சுமக்க நேரிடும்.

புறநானூற்றின் 229ஆம் பாடலில் கூடலூர் கிழார் பங்குனி மாத நள்ளிரவில் எரிந்து வீழ்ந்த மீனொன்றைக் குறிக்கின்றார். அவ்வேளை உச்சியிலிருந்து சாய்ந்த விண்மீன் எது, எழுந்தது எது, மறைந்தது எது, வீழ்ந்த திசை யாது என்பவற்றை அவர் முறையாகச் சொல்கின்றார். இது காண்டல். சேரமன்னனுக்குத் தீங்கு நேருமோ என அஞ்சியது கருதல். ஏழாம் நாள் மன்னன் இறந்தான். எரிமீனுக்கும் இறப்புக்கும் தொடர்பில்லை என்று கொள்வோரும் புலவர் கண்டதை இன்றும் ஏற்கலாம். இரண்டையும் வெவ்வேறாக வைத்தமையே அதற்குக் காரணம்.

2012 டிசம்பர் 29இல் பொலநறுவைப் பகுதியில் வானில் ஒளி தோன்றிக் கற்கள் விழுந்ததாகக் கூறப்பட்டது. அக்கற்களில் நுண்பாசிகளின் புதைவடிவங்கள் உள்ளன எனப் பேராசிரியர் சந்திரா விக்கிரமசிங்கவும் குழுவினரும் 2013இல் அறிவித்தனர். அவை விண்கற்கள்தாமா என்பதே நிறுவப்படவில்லை என்று வேறு அறிஞர்கள் மறுத்தனர். ஒளியைக் கண்டது ஒன்று. கல்லைக் கண்டெடுத்தது இன்னொன்று. இரண்டையும் இணைத்தது கருதலே.

எரிவெள்ளி ஏறத்தாழ 100 கிலோமீற்றர் உயரத்தில் எரியத் தொடங்குகின்றது. "பனங்கூடலுக்குப் பின்னால் விழுந்தது" என்பது பெரும்பாலும் கண்மயக்கம். அதே ஒளி அக்கரையில் வேதாரணியத்திலும் தெரிந்திருக்கக் கூடும். நேரம், தோன்றிய திசை, மறைந்த திசை, நிறம், நீடித்த வினாடிகள், பின்னர் கேட்ட ஓசை என்பவற்றை இரு கரையாரும் உள்ளபடி சொன்னால் அதன் பாதையைக் கணிக்கலாம். 1988இல் தோன்றிய சர்வதேச விண்கொள்ளி அமைப்பு பொதுமக்களிடம் கேட்பதும் இத்தகைய விபரங்களையே. அறியாததை "தெரியாது" என்பதும் நல்ல சாட்சியமே.

போர்க்காலத்தில் இரவு வானில் ஒளி தெரிந்தால் பரா வெளிச்சம் என்றே மனம் பதறியது. ஒருவர் கூவினால் வீடு முழுவதும் பதுங்குகுழிக்குள் இறங்கும். அன்று கருதலை முந்திச் சொன்னதைக் குற்றம் என்பதற்கில்லை. உயிர் காத்தது அதுவே. ஆனால் 2009இல் போர் ஓய்ந்த பின்னும் அந்தப் பதற்றம் நாவில் தங்கிவிட்டது. அயலவர் பற்றிய பேச்சிலும், ஊர்க்கூட்டத்திலும், வழக்கிலும் கண்டதற்கு முன்னே கருதியது வந்து நிற்கின்றது.

சில வினாடிகளில் மறையும் ஓர் ஒளியைக் கூட்டாமலும் குறையாமலும் சொல்லப் பழகியவர், மனிதரைப் பற்றிச் சொல்லும்போதும் அவ்வாறே சொல்வார்.