ஆட்டம் நிற்கும், வக்து நிற்காது

1989-ல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 'கேம் பாய்' என்ற கையடக்க விளையாட்டுக் கருவியை வெளியிட்டது. அவ்வாண்டே அதற்கு டென்னிஸும் வந்தது. இன்றைய கருவிகளிலும் டென்னிஸ் ஆட்டங்கள் உண்டு. பந்தயப் பணமில்லாத இதை ஹராம் என்று சொல்ல நாம் துணியமாட்டோம். நாம் அஞ்சுவது வேறு.

அஸருக்குப் பாங்கு கேட்கிறது. "இது முடியட்டும் வாப்பா" என்கிறான் பிள்ளை. டென்னிஸுக்கு ஏது கடிகாரம்? நாற்பதுக்கு நாற்பது என்று சமமாகிவிட்டால், ஒருவர் தொடர்ந்து இரண்டு புள்ளி எடுக்கும்வரை இழுக்கும். பிறகு அடுத்த ஆட்டம். வக்தோ போய்க்கொண்டிருக்கிறது.

ஆட்டத்தை நிறுத்தி வைக்கக் கருவியிலேயே பொத்தான் இருக்கிறது. உம்மா சோறு போட்டால் அதை அழுத்தத் தெரிகிறதே! கருவியைப் பிடுங்க வேண்டாம். "அழுத்திவிட்டு வா, சேர்ந்தே ஒளூ செய்வோம்" என்று கைப்பிடித்து அழைத்துச் செல்வோம்.