ஒரு கிழமையின் கணக்கு

போன கிழமை நான் என்னென்ன செய்தேன் என்று எழுதிப் பார்த்தேன். திங்கள் நூல்நிலையம். செவ்வாய் மருந்துக்கடையும் தபாற்கந்தோரும். புதன் பின்னற் குழு. வியாழன் பேரனைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்தது. வெள்ளி இரவு டலஸில் சிம்பனி. சனி பின்னேரம் இங்கேயே ஒரு பாடசாலை மண்டபத்தில் கர்நாடக இசைக் கச்சேரி. ஞாயிறு மரக்கறி வாங்கி, உடுப்புத் தோய்த்து, ஒரு தொப்பியின் கடைசி இரண்டு வரிசையையும் பின்னி முடித்தேன்.

இப்படிக் கணக்கு எழுதும் பழக்கம் எனக்கில்லை. சனி காலை கிளிநொச்சியிலிருந்து சித்தியின் மகள் தொலைபேசியில் கதைத்தாள். "அக்கா, வேலையும் விட்டாச்சு, நாள் முழுக்க என்ன செய்யிறியள்?" என்று கேட்டாள். குத்தலாகக் கேட்கவில்லை. குத்தலாகக் கேட்டிருந்தால் எனக்குப் பதில் இருந்திருக்கும்.

"சும்மாதான் இருக்கிறன்" என்றேன்.

இந்தச் சொல் எங்கள் மொழியில் ஒரு விசித்திரமான சொல். வேலைவெட்டி இல்லாதவனைத் திட்டவும் அதுதான், ஞானிகள் எய்த விரும்பிய நிலைக்கும் அதுதான். அறுபத்தைந்து வயதுக்குமேல் அமெரிக்க அரசாங்கத்தின் ஓய்வுப்பணத்தில் சீவிக்கும் ஒருத்தி இரண்டுக்கும் நடுவில் எங்கோ கிடக்கிறாள்.

அவளும் சும்மா இருப்பவள்தான், ஊரார் கணக்கில். 2009 மே மாதத்தில் கடைசியாகக் கண்ட மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வீதியோரப் பந்தலில் இருந்தவள். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டம் 2022இல் 2,000 நாட்களைத் தாண்டியது. பதில் கிடைக்காமலே செத்துப்போன தாய்மார் பலர். இவளுக்கு முழங்கால் வருத்தம். முந்தியைப்போல் ஒவ்வொரு நாளும் போக முடிவதில்லை. ஆனால் போகாத நாளைச் சொல்லும்போது குரலில் ஒரு குற்றவாளியின் தயக்கம் வந்துவிடும்.

என் குரலில் அந்தத் தயக்கம் ஏன் வரவில்லை? இதுதான் என்னுடைய கேள்வி.

நானிருக்கும் ஃபிரிஸ்கோவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். செயின்ற் லூயிஸ் - சான் பிரான்சிஸ்கோ ரயில் கம்பனியின் செல்லப்பெயரைத் தன் பெயராக வைத்துக்கொண்ட ஊர் இது. ஆனால் இன்று ஏறிப் போக ஒரு பயணிகள் ரயில் கிடையாது. 1990இல் ஆறாயிரம் சொச்சம் சனம், 2020 கணக்கெடுப்பில் இரண்டு லட்சம். தமிழ்நாட்டிலிருந்து வந்த இளம் குடும்பங்கள் நிறைய உண்டு. ரொறன்ரோவைப்போல் எங்கள் ஆட்கள் இல்லை. ஒரு கட்டு வல்லாரை வாங்குவதற்கும் காரை எடுக்கவேண்டும். கண் மங்கி கார் ஓட்ட முடியாமல் போகும் நாளில் இந்த ஊர் எனக்கு நாலு சுவராகிவிடும். அந்தப் பயத்தில்தான் ஓய்வுபெற்றவர்கள் இங்கே கிழமையை நிரப்புகிறார்கள் என்று சிலவேளை நினைப்பதுண்டு.

பின்னற் குழுவில் பத்துப் பெண்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்குத் தொப்பி பின்னி ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கிறோம். எனக்கு ஊசி பிடிக்கச் சொல்லித் தந்தவர் என் அம்மம்மா. அவர் உடுவில் பெண்கள் பாடசாலையில் படித்தவர். 1824இல் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹரியற் வின்சிலோ தொடங்கிய பள்ளி அது. அமெரிக்கப் பெண்கள் யாழ்ப்பாணத்துப் பெண்களுக்குத் தையல் வேலை படிப்பித்தார்கள். நான் அதைத் திருப்பிக் கொண்டுவந்து ரெக்சாஸில் அமெரிக்கக் குழந்தைகளுக்குப் பின்னுகிறேன். இந்த வெயிலூரில் கம்பளி எதற்கு என்று என் மருமகன் சிரிப்பான். 2021 பெப்ரவரியில் பனிப்புயல் வந்து மின்சாரம் லட்சக்கணக்கான வீடுகளுக்கு நின்றபோது அவன் சிரிக்கவில்லை. அரசாங்கக் கணக்கில் மட்டும் 246 பேர் அந்தப் புயலில் இறந்தார்கள். அந்த இரவுகளில் வீட்டில் பதறாமல் இருந்தது நான் ஒருத்திதான். ஊரில் ஜாம் போத்தல் விளக்கில் இருந்து பழகியவள்.

நான் கதைத்துக்கொண்டு போவது எனக்கே தெரிகிறது. பதிலைத் தள்ளிப் போடுகிறேன்.

பங்களாதேஷ் அகதிகள் பட்டினியில் செத்துக்கொண்டிருந்த 1971இல் அவுஸ்திரேலியரான பீற்றர் சிங்கர் ஒரு கட்டுரை எழுதினார். அடுத்த வருடம் அது அச்சில் வந்தது. குளத்தில் ஒரு குழந்தை தாழ்வதைக் கண்டால் உடுப்பு சேறாகும் என்று நிற்பாயா, அப்படியானால் குழந்தை தூரத்தில் இருப்பதால் மட்டும் உன் கடமை எப்படிக் குறையும் என்பது அவருடைய கேள்வி. இந்தக் கணக்கில் என் சிம்பனி நுழைவுச்சீட்டு நிற்காது. 1982இல் சூசன் வூல்ஃப் வேறொன்று சொன்னார்: எந்நேரமும் பிறருக்கே உழைப்பவனுக்கு நாவல் வாசிக்கவோ ஓபோ ஊதவோ நேரமிராது, அப்படியொரு மனிதனாக ஆக நாம் உண்மையில் விரும்புகிறோமா? இதை வாசித்தபோது நிம்மதியாக இருந்தது. நிம்மதியாக இருந்ததனாலேயே சந்தேகமும் வந்தது. வூல்ஃப் பேசுவது ஓபோ வைத்திருப்பவனின் பக்கத்திலிருந்து. தாழ்கிற குழந்தையிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

ஆனால் தாழ்ந்துகொண்டிருந்தவர்களுக்கும் ஒரு அபிப்பிராயம் இருந்தது. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய், பற்றறி, சவர்க்காரம் எல்லாவற்றுக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து ஒருவர் மிதிக்க, டைனமோவில் ரேடியோ பாடியது. செய்திக்காக மட்டும் மிதிக்கவில்லை. செய்தி முடிந்த பிறகும் பாட்டுக்காக மிதித்தார்கள். எண்ணெய் இல்லாத கோயில்களிலும் திருவிழாவுக்கு நாதஸ்வரம் நின்றுபோகவில்லை.

வெள்ளி இரவு மையர்சன் மண்டபத்தில் இருந்தபோது இந்த நினைவுதான். ஐ. எம். பெய் வடிவமைத்து 1989இல் திறந்த மண்டபம் அது. வாத்தியக்காரர் எல்லாரும் சுருதி சேர்க்குமுன் ஓபோ தனியே ஒரு சுரம் கொடுக்கும், மற்றவை அதைப் பிடித்துக்கொள்ளும். ஓபோவும் நாதஸ்வரத்தைப்போல இரட்டைச் சீவாளி வாத்தியம். அந்த ஒற்றைச் சுரத்தில் எனக்கு ஊர்க் கோயில் வடக்கு வீதி வந்து நின்றது. கண் கலங்கியது. பக்கத்திலிருந்த அம்மையார் கடதாசிக் கைக்குட்டை தந்தார்.

அந்தக் கண்ணீரைப் பற்றித்தான் எனக்கு இப்போது வெட்கம். கச்சேரியில் இருந்துகொண்டு ஊரை நினைத்து வருந்துவது, நுழைவுச்சீட்டுக்கு மேல் ஒரு சின்னத் தொகையைக் கட்டிவிட்டுக் கணக்கு முடிந்தது என்று எழும்புவதைப் போன்றது. புகலிடத்தில் இதை நாங்கள் நன்றாகப் பழகியிருக்கிறோம். மே மாதம் மெழுகுதிரி, அடுத்த கிழமை பூப்புனித நீராட்டு விழா மண்டபத்துக்கு முற்பணம். விழா வைப்பது பிழை என்று நான் சொல்லவில்லை. மெழுகுதிரி எதற்குக் கொளுத்தினோம் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

வேலை செய்த காலத்தில் சிங்கருக்கு நான் ஓரளவு பதில் சொல்லிக்கொண்டேன். மாதாமாதம் காசு போயிற்று. நேரம்தான் இல்லை என்றேன். அது உண்மையும்கூட. இப்போது காசு குறைவு, நேரம் நிறைய. சனி காலை அவள் கடைசியாகக் கேட்டது இதைத்தான்.

"இப்ப உங்களுக்கு ஓய்வுதானே அக்கா. ஒரு கிழமை வந்து என்னோட இருங்கோவன். காசு ஒண்டும் வேண்டாம். சும்மா பக்கத்தில இருங்கோ."

வைத்தியரிடம் போகவேண்டிய திகதிகளைச் சொன்னேன். பேரனின் பள்ளி முடியும் நேரத்தைச் சொன்னேன். குளிர்சாதனப் பெட்டியில் காந்தத்தால் ஒட்டியிருந்த அடுத்த கச்சேரியின் நுழைவுச்சீட்டு கண்ணுக்கு முன்னால் இருந்தது. அதை மட்டும் சொல்லவில்லை.

அவள் வற்புறுத்தவில்லை. என்ன பின்னுகிறேன் என்று கேட்டாள். சொன்னேன். பந்தலுக்குள் இருக்கும்போது கைக்கு ஒரு வேலை இருந்தால் நல்லது, அம்மம்மா காட்டித் தந்த பின்னல் தனக்கும் இன்னும் மறக்கவில்லை, கொஞ்ச நூல் அனுப்பமுடியுமா என்றாள்.

"என்ன நிறம் வேணும்?"

"ஏதெண்டாலும் பரவாயில்லை. ரோட்டுப் புழுதி அக்கா, ஊத்தை தெரியாத நிறமாப் பார்த்து அனுப்புங்கோ."

செவ்வாய்க்கிழமை தபாற்கந்தோருக்குப் போகவேண்டும். பார்சலாக அனுப்புவதா, கையில் கொண்டுபோவதா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. மண்ணிறத்தில் ஆறு உருண்டை வாங்கி வைத்திருக்கிறேன்.